நிஷிகசாய் சென்டோ: 550 யென்னுக்கு ஒரு மாலை

டோக்கியோவில் எந்தச் சென்டோவுக்குப் போனாலும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான்: 550 யென். 2024 ஆகஸ்ட் முதல் இந்த விலை. நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். சென்டோ என்பது குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் பொதுக் குளியல் கூடம். மலைப்பக்கத்து வெந்நீர் ஊற்று விடுதிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே விடுதிக்காரர் சொன்னதுதான் விலை. சென்டோவுக்கோ, உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அரசே உச்சவரம்பு வைக்கிறது. கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் விலையிலிருந்து தொடங்கித்தான் பழக்கம்.

மகன் வீடு நிஷிகசாயில் இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. பருப்புக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சென்டோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

அங்கே நான் போகக் காரணம், மருமகள் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு படம். ஒன்றையொன்று வெட்டும் நான்கு வட்டங்கள்: உனக்குப் பிடித்தது, உனக்குக் கைவந்தது, உலகத்துக்கு வேண்டியது, உனக்குக் காசு தருவது. நடுவில் 'இகிகாய்'. அதுதான் ஜப்பானியர்களின் வாழ்க்கைப் பிடிப்பு என்று அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஓய்வூதியக்காரி நான் எந்த வட்டத்தில் போய் உட்காருவது? கொஞ்சம் துருவிப் பார்த்தால் அந்தப் படமே ஜப்பானில் பிறந்ததில்லை. ஸ்பெயின் நாட்டு ஜோதிடர் ஆந்த்ரேஸ் சுசுனாகா வரைந்த படம் அது. அதன் நடுவில் 2014இல் மார்க் வின் என்பவர் தம் வலைப்பதிவுக்காக 'இகிகாய்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான் கதை. சரி, ஜப்பானியக் கிழவிகள் சாயங்காலம் எங்கே போகிறார்கள் என்று பார்ப்போம் என்று துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருமகள் வர மறுத்துவிட்டாள்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளே உடுப்பு என்ற பேச்சே கிடையாது. நீச்சல் உடைக்கும் அனுமதியில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம், நடுவில் சுவர். ஆனால் பெண்கள் பகுதிக்குள் எல்லோரும் பிறந்த மேனிதான். முழங்கை அகலத்தில் ஒரு கைத்துண்டு தருவார்கள். அதை வைத்து எதை மறைப்பது, எதை விடுவது? கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் மாரோடு பாவாடையைக் கட்டிக்கொண்டு குளித்து வளர்ந்தவள் நான், கூச்சத்தில் குறுகித்தான் போனேன். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அறுவைச் சிகிச்சைத் தழும்பு, சுருங்கிய வயிறு, வளைந்த முதுகு எல்லாம் அவரவர் பாட்டுக்கு நடமாடுகின்றன. கல்யாண வீடுகளில் பட்டுப் புடவையோடு நிற்கும்போதுகூட இதைவிட அதிகமாக எடை போடப்பட்டிருக்கிறேன்.

முறை எளிது. வாசலில் செருப்பு வைக்க மரப் பெட்டிகள், மரத்துண்டுதான் சாவி. மேடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் காசு. உடை மாற்றிவிட்டு உள்ளே போய், குட்டை முக்காலியில் உட்கார்ந்து, குழாயடியில் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, சோப்பு நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்கைப் போக்குவதற்கல்ல, ஊறுவதற்கு. துண்டு தண்ணீரில் படக்கூடாது. தலைமுடியும் படக்கூடாது, நீண்ட கூந்தல்காரர்கள் உச்சியில் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தாலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் கழற்றவில்லை, இங்கே சூடாக்கிய சாதாரணத் தண்ணீர்தான், கந்தகம் கிடையாது.

குழாயடிகளில் மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் 'கெரோரின்' என்று எழுதியிருக்கிறது. அது தலைவலி மருந்தின் பெயர்! 1963இல் விளம்பரத்துக்காகச் சென்டோக்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இந்தக் கிண்ணம் இன்றும் நாடு முழுக்கப் புழங்குகிறது. ஒசாகா பக்கத்தில் இதே கிண்ணம் கொஞ்சம் சிறியது. அங்கே தொட்டியிலிருந்தே மொண்டு ஊற்றிக்கொள்வார்களாம், பெரிதாக இருந்தால் கை வலிக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரில் இருந்த வெப்பமானி 43 டிகிரி காட்டியது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த உடம்புதான் இது, ஆனால் கழுத்தளவு 43 டிகிரி வேறு விஷயம். முழங்கால் வரை இறங்கியதும் 'ஐயோ' என்றேன். மூலையில் ஊறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, எண்பது இருக்கும், ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்திக்கு முகம் சுருங்கியது. சூடு குறைந்தால் அவளுக்கு ஆகாது போலிருக்கிறது. பாட்டி அவளிடம் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும், இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முதுகுத் தண்டு முழுக்க இளகிவிட்டது. மூட்டுவலிக்கு மருந்து என்று நான் சொல்லமாட்டேன், அன்றிரவு தூக்கம் மட்டும் அருமை.

அந்தப் பாட்டியை எப்போது போனாலும் பார்க்கிறேன். கடை திறக்கும் மூன்றரை மணிக்கே வாசலில் நிற்கிறாள். குளித்து முடித்ததும், அங்கங்கே கிடக்கும் கிண்ணங்களையும் முக்காலிகளையும் அலசி, சுவரோரம் கோபுரமாக அடுக்கிவிட்டுத்தான் வெளியே வருகிறாள். வேலைக்காரி இல்லை. என்னைப்போல் காசு கொடுத்து வருகிறவள்தான். யாரும் சொல்லவில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. ஒருநாள் நான் இரண்டு கிண்ணங்களை அடுக்கினேன். அவள் அவற்றை எடுத்து, தண்ணீர் வடியும்படி கவிழ்த்து, மறுபடி அடுக்கினாள். தன் வேலையில் பிறர் கைவைப்பது பிடிக்காத ஆள். எங்கள் வங்கியில் பழைய காசாளர் ஒருவர் இப்படித்தான்.

தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒசாகி வட்டாரத்தில் நாற்பத்து மூன்றாயிரம் பேரிடம் "உங்கள் வாழ்க்கையில் இகிகாய் உண்டா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. இல்லை என்றவர்களிடையே இறப்பு அதிகம். நோயாளிக்குப் பிடிப்பும் குறையும் அல்லவா, எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி. எவ்வளவு சம்பாதிக்கிறாய், உலகத்துக்கு என்ன தருகிறாய் என்று கேட்கவில்லை. இதைப் பற்றி 1966இலேயே புத்தகம் எழுதிய மனநல மருத்துவர் மியெகோ காமியா, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த நாகாஷிமா தீவில் பணிபுரிந்தவர். வேலை, குடும்பம், சிலருக்குப் பார்வையும் போன மனிதர்களிடம்தான் அவர் இதைத் தேடினார். நான்கு வட்டங்களை அவர்கள் முன்னால் நீட்ட எவருக்கு மனம் வரும்?

இனிக் குறைகள். சுவரில் ஃபூஜி மலை ஓவியம். 1912இல் காண்டா பகுதிச் சென்டோ ஒன்றில் தொடங்கிய வழக்கம் இது. ஆனால் சிகரம் முழுவதும் ஆண்கள் பக்கம். பெண்களுக்கு மலைச் சரிவில் கொஞ்சமும் கடலும் இரண்டு படகும்! ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு இது என்ன நியாயம்? சோப்பு, ஷாம்பு எதுவும் வைப்பதில்லை. உடை மாற்றும் இடத்தில் தலையுலர்த்திக்குத் தனியாகக் காசு போட வேண்டும். நீராவி அறைக்கும் தனிக் கட்டணம். வெளியே விற்கும் காபி பால் கண்ணாடிப் புட்டியில் அழகாக இருக்கிறது. அதில் காபி எங்கே என்று கேட்காதீர்கள்.

குடும்பத்தோடு சுற்றுலா வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஒருநாள் பார்த்துவிட்டுப் புகைப்படம் எடுக்கலாம் என்றால் படமும் எடுக்க முடியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். டோக்கியோவில் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர், பேரப்பிள்ளை பள்ளிக்குப் போனபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள், கட்டாயம் போங்கள். 1968இல் இந்த நகரத்தில் 2,600க்கு மேல் இருந்த சென்டோக்கள் இன்று ஐந்நூறுகூட இல்லை. எரிபொருள் விலை ஏறுகிறது, நடத்த வாரிசு இல்லை. திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம், தண்ணீர் புதிதாக இருக்கும். சில்லறை கொண்டு போங்கள், அட்டை வாங்குவதில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஃபூஜிக்காக. வாரத்தில் ஒருநாள் விடுமுறை, இங்கே அது வெள்ளிக்கிழமை.