அதிவேக ரயில்: சுற்று எவ்வளவு, இழப்பு எவ்வளவு?

வரைபடத்தில் பாதை வளைந்து கிடப்பதை வைத்து அதிவேக ரயிலை எடைபோடக் கூடாது. 300 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி நிமிடத்துக்கு 5 கி.மீ. போகிறது. 30 கி.மீ. சுற்றினாலும் ஆறு நிமிடம்தான் கூடும். வழியில் ஒரு நிலையத்தில் நின்று மறுபடி வேகமெடுக்கவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். நேரம் முக்கியமென்றால் நிறுத்தங்களை முதலில் எண்ணுங்கள்.

தண்டவாள நீளத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் சுற்று விகிதம் தெரியும். பாரிஸ் – லியோன் புதுப்பாதை 427 கி.மீ., நேர்கோட்டில் சுமார் 391. விகிதம் 1.09, மிக அருமை! டிஜோன் வழியாகப் போகும் பழைய பாதை 512 கி.மீ. 1981-இல் முதல் பகுதி திறந்த புதுப்பாதையில் கி.மீ.க்கு 35 மீட்டர் வரை ஏற்றம் வைத்தார்கள். அதனால் ஒரு சுரங்கம்கூட இல்லாமல் மேடுகளில் நேராக ஏறி இறங்குகிறது.

ஜப்பானில் டோக்கியோ – ஷின் ஒசாகா (ஒசாகா நகரின் அதிவேக ரயில் நிலையம்) 515.4 கி.மீ., நேர்கோட்டில் 400 சொச்சம். விகிதம் 1.28. (டிக்கெட் கணக்கில் வரும் 552.6 கி.மீ. பழைய பாதையை ஒட்டிய கட்டணத் தூரம். அதை எடுத்தால் விகிதம் தப்பாகும்.) நகோயாவுக்கு மேற்கே சுசுகா மலையைக் குடையாமல் செகிகஹாரா பக்கம் வடக்கே வளைகிறது. அந்த வளைவைவிட அங்கே பெய்யும் பனிதான் தொல்லை. வண்டிக்கு அடியில் ஒட்டி இறுகும் பனி, ஓட்டத்தில் கழன்று விழுந்து ஜல்லியைத் தெறிக்கவிடும். பனி கிளம்பாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், வேகத்தையும் குறைப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் இணைப்பு ரயிலுக்குத் தாராளமாக நேரம் விடுங்கள்.

லண்டன் – பாரிஸ் விகிதம் 1.43. கடலடியில் போகும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம், வட பிரான்சின் லீல் நகரம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் விரைவான வண்டி இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடும்.

நிஜமான இழப்பு குறுக்குப் பாதை இல்லாத ஊர்களுக்குத்தான். பிரான்சின் அதிவேகப் பாதைகள் பெரும்பாலும் பாரிஸிலிருந்து பிரிபவை. லியோனிலிருந்து மேற்கே போர்தோ செல்ல, வடக்கே பாரிஸ் பக்கம் ஏறித்தான் இறங்க வேண்டும். நேர்கோட்டைப் போல இரு மடங்குக்கு மேல். இந்தக் குறையை எந்த வேகமும் ஈடுகட்டாது. டிக்கெட் எடுக்கும்போது பாரிஸுக்குத் தெற்கே உள்ள மாஸி நிலையம் வழியாக, மாறாமல் நேரே போகும் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாரிஸின் கார் த லியோன் நிலையத்தில் இறங்கி, மோம்பர்னாஸ் நிலையத்துக்கு மெட்ரோவில் மாற வேண்டிவரும். பெட்டியோடு போகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.