ஒரே ஆக்சஸ் பாயின்ட்டுடன் மூன்று ஆண்டுகள்

கூடத்தின் உட்கூரையில் நான் பொருத்திய, வைஃபை அலையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது. மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் வருவதால் பொருத்துவது எளிதாகவே இருந்தது. பிழை அமைப்புகளில் நேர்ந்தது. ரவுட்டர் ஏற்கெனவே ஐபி முகவரிகளை வழங்கிக்கொண்டிருக்க, புதிய கருவியிலும் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்தாமல் விட்டுவிட்டேன். இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கியதால், கைபேசியில் இணையம் வரும், மடிக்கணினியில் வராது. சிறிது நேரம் கழித்து நிலைமை தலைகீழாகும். கேபிளைச் சந்தேகித்தே இரண்டு மாலைகள் போயின.

பாதுகாப்பில் முதல் நாளே சரியாகச் செய்தது, கடவுச்சொல்லுக்குப் பதில் பின் எண்ணால் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தது. அதன் எட்டு இலக்கப் பின் எண் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே பத்துக் கோடி வாய்ப்புகள் வெறும் 11,000 முயற்சிகளாகச் சுருங்கிவிடுகின்றன என்பது 2011-லேயே வெளிவந்த செய்தி.

வலையமைப்பின் பெயரை மறைத்து வைத்ததும், குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்க அவற்றின் அடையாள எண்ணான மேக் முகவரிகளைப் பட்டியல் போட்டதும் வீண் வேலை. மறைத்த பெயரைத் தேடி நம் கைபேசியே போகுமிடமெல்லாம் அதைக் கூவிக்கொண்டு போகிறது. மேக் முகவரி மறையாக்கம் இல்லாமலே காற்றில் செல்வதால் அதை நகலெடுப்பதும் கடினமன்று. போதாக்குறைக்கு, தற்செயலாக உருவாக்கிய மேக் முகவரியைப் பயன்படுத்தும் புதிய கைபேசியை வாங்கியபோது, என் பட்டியல் என்னையே வெளியில் நிறுத்தியது.

2018-இல் அறிமுகமான வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-க்கு மாறியபோது பழைய பிரின்டர் இணைய மறுத்தது. அதையும் முந்தைய டபிள்யூபிஏ2-வையும் ஏற்கும் கலப்பு முறையிலும் அது மசியவில்லை. எனவே பிரின்டருக்கும் ஸ்மார்ட் விளக்குகளுக்கும் டபிள்யூபிஏ2-வில் தனி வலையமைப்பு அமைத்து, அங்கிருந்து மற்றக் கருவிகளைத் தொட முடியாதபடி தடுத்திருக்கிறேன். டபிள்யூபிஏ2-வில் இணைப்பு நேரத்துப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஆற அமரக் கடவுச்சொல்லை ஊகிக்க முடியும் என்பதால், அதற்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்தேன். விருந்தினருக்குச் சொல்லும்போது சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நீண்ட நாள் புரியாதிருந்த குறை ஒன்று உண்டு: மறுதொடக்கத்துக்குப் பின் 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு ஒரு நிமிடம் தென்படாது. ரேடாருடன் பகிரும் சேனல் (அலைவரிசை) என்பதால், ரேடார் இல்லையென்று உறுதி செய்த பிறகே கருவி ஒலிபரப்பத் தொடங்குகிறது. சேனல் 36-க்கு மாற்றியதும் அந்தக் காத்திருப்பு நின்றது. இப்போது நான் கவனிப்பது, கருவியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பை மட்டுமே. அது வருவது நின்றால் கருவியை மாற்றிவிடுவேன்.