நாலு மணிக்கு எழுந்து வருவது யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொழில் பதியவும் கூட்டு ஒப்பந்தம் எழுதவும் யாரிடம் போகலாம் என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னைக் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே இடத்தைத்தான் சொன்னேன். கடைவரிசையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கணக்கு அலுவலகம். நடத்துவது ஓர் அக்கா. உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகப் பார்ப்பதால், பெயரைப் போட்டுக் கூட்டம் சேர்த்துவிடாதே என்று கேட்டுக்கொண்டார். பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என் முதல் தொழிலைச் சொன்னால்தான் இந்த அலுவலகத்தின் அருமை புரியும். 2018-இல் உறவுக்காரர் ஒருவரோடு சேர்ந்து கேட்டரிங் தொடங்கினேன். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று எதையும் எழுதவில்லை. தொழில் பதிவில் மட்டும் இருவர் பெயரும் இருந்தது. ஒரு வருடம் கழித்து, கோழி போடும் தவுக்கே, அதாவது முதலாளி, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாக்கி 7,400 வெள்ளி (ரிங்கிட்). எனக்குத் தெரியாமலே வாங்கிய சரக்கு. அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன். தவுக்கே பதிவுச் சான்றின் நகலை நீட்டி, என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். 1961-ஆம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டப்படி, தொழிலுக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. பாதிக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும். என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. அந்த வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் இன்றுவரை போவதில்லை.

ஆறு வருடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, பாசாரில் (சந்தையில்) இடியப்பக் கடை போடலாம் என்று நினைத்தபோது என் முன்னே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எனக்குத் தம்பி முறை. ஈப்போவில் நல்ல வேலை, சொந்த வேன், 15,000 வெள்ளி போடத் தயார். இன்னொருத்தி தோட்டத்தில் எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவள். கையில் 3,000 வெள்ளிதான். வீட்டில் எல்லோரும் தம்பியைத்தான் சொன்னார்கள். அவருடைய அடையாள அட்டை நகலோடுதான் அந்த மாடிப்படி ஏறினேன்.

அக்கா கணினியைத் திறக்கவே இல்லை. கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடுவில் மடித்து, ஒரு பக்கம் என்னையும் மறு பக்கம் தம்பியையும் குறித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். காலை நாலு மணிக்கு மாவு பிழிய எழுந்து வருவது யார்? மழையென்றால்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? தேங்காய் யார் வாங்குவது? கடன் கேட்பவருக்கு இல்லையென்று சொல்வது யார்? சாயங்காலம் காசை எண்ணுவது யார்? நான் சொல்லச் சொல்ல என் பக்கம் நிரம்பிக்கொண்டே போனது. தம்பி பக்கம் இரண்டே வரி. பணம், சனிக்கிழமை வேன்.

"உனக்குச் சம்பளம் எவ்வளவும்மா?" என்றார்.

சம்பளம் எதற்கு, லாபத்தில் பாதி வருமே என்றேன். எதுவும் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சரிபாதி என்பதுதான் சட்டம், வேலை செய்கிற பங்காளிக்குத் தனியாகக் கூலியும் கிடையாது என்று விளக்கினார். "நீ மாசம் முழுக்க நாலு மணிக்கு எழுந்திருப்பே. அவர் மாசம் முழுக்கத் தூங்குவார். மாசக் கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே காசு. அவர் மேல தப்பில்லம்மா. நீ எழுதல."

இந்தப் பேச்சுக்கு அவர் ஒரு காசு வாங்கவில்லை. தம்பி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதே கேள்விகளைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்து, பதிலை அவரவர் கையாலேயே எழுதி வாங்கி வரச் சொன்னார்.

தம்பியிடமிருந்து வாட்சப்பில் குரல் பதிவு வந்தது. "அதெல்லாம் எதுக்குக்கா, நமக்குள்ள?" 2018-இல் நான் கேட்ட அதே வார்த்தை. தோழியோ மகளின் பள்ளி நோட்டுத் தாளில் பென்சிலால் எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தாள். முதல் வரியே, "புதன்கிழமை அம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகணும், அன்னிக்கு வர முடியாது." வர முடியாத நாளை முதலிலேயே சொல்கிற ஆளைத்தான் நான் இத்தனை வருடமாகத் தேடியிருக்க வேண்டும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் தாத்தாவும் இப்படி ஒரு காகிதத்தைப் பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்க எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பங்குக்கான காகிதம். பால்மரம் வெட்டியவர், கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். முகம் தெரியாத ஆயிரம் பேரோடு கூட்டுச் சேர்ந்தபோதுகூட அவருக்குக் காகிதம் வேண்டியிருந்தது. அவர் பேத்திக்குத்தான் சொந்தத்தில் அது தேவையில்லை என்று தோன்றியிருக்கிறது.

தோழி ஒதுங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. பேர் போட முடியாது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். 18 வயது நிறைந்த நிரந்தரவாசிகளும் தொழில் பதியலாம் என்று அக்கா சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. பங்குப் பணத்தைக் கூட்ட, கூட்டுச் சீட்டு எடுக்கிறேன் என்றும் சொன்னாள். கூட்டுச் சீட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, பணம் போனால் கேட்கக்கூட நாதியில்லை என்று அக்கா அதை அங்கேயே நிறுத்தினார். பணம் குறைந்தால் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கு, பணத்துக்காகப் பங்கைக் கொடுக்காதே என்றார். தம்பியிடமே 5,000 வெள்ளி கடனாக வாங்கினேன், மாதம் 250 கட்டுகிறேன். உறவும் கெடவில்லை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். முதலில் தமிழில் எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டினார், பிறகுதான் மலாயில். நாலு மணிக்கு வருகிறவருக்கு நாளுக்கு 40 வெள்ளி கூலி, அதற்குப் பிறகுதான் லாபப் பங்கு. 300 வெள்ளிக்கு மேல் கடனில் சரக்கு எடுத்தால் இருவர் கையெழுத்து. வங்கிக் கணக்குக்கும் அப்படியே. இந்தத் தாள் உங்கள் இருவருக்குள்தான் செல்லும், அரிசிமாவு போடுகிறவருக்கு இது தெரியாதே, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றும் அனுப்பினார். முதல் தொழிலில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே என் வளையல் தப்பியிருக்கும்.

ஒருவர் இறந்தால் என்ன என்ற இடம் வந்தது. வேறு விதமாக எழுதாவிட்டால் கூட்டு அத்தோடு கலைந்துவிடும்; வீட்டாருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்று எழுத வேண்டும் என்றார். தோழி அழுதுவிட்டாள். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, கீழ்க்கடையில் மூன்று தே ஓ (பாலில்லாத தேநீர்) சொல்லி, அவள் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

செலவு: ஒப்பந்தத்துக்கு 250 வெள்ளி, பதிவு செய்து தர 40. கடைப் பெயரில் பதிய அரசாங்கக் கட்டணம் வருடத்துக்கு 60 வெள்ளி. சொந்தப் பெயரில் என்றால் 30. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். கடன் நம் சொந்தச் சொத்தைத் தொடாத மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். 2012 சட்டத்தில் வந்த பிஎல்டி (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டு) இருக்கிறது, பதிவுக்கே 500 வெள்ளி, முதலில் கடை ஓடட்டும் என்றார். அதைத் தலையில் கட்டியிருந்தால் அவருக்குத்தான் வருமானம். வருமான வரிக்குக் கூட்டின் பெயரில் பாரம் P தனி, எங்கள் பங்குக்கு அவரவர் வரி தனி என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தெளிவாகவும் விளக்கினார்.

குறைகளும் உண்டு. படி செங்குத்து; முட்டிவலி உள்ளவர்களுக்குச் சிரமம். வரி கட்டும் மாதங்களில் போனை எடுக்கவே மாட்டார். எங்கள் ஒப்பந்தம் வர 11 நாள் ஆனது. மலாய்ப் பிரதியில் வீட்டு எண் தவறாக வந்து இன்னொரு முறை ஏற வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் வருத்தமானது, டைபாய்ட் ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும் என்பதை அவர் முதலிலேயே சொல்லாதது. கடை உரிமத்துக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது, ஒரு வாரம் வீண். உணவுத் தொழில் என்றால் அதை நீங்களே முதலில் முடித்துவிடுங்கள்.

கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. மற்ற நாளில் ஆறு கிலோ மாவு, புதன்கிழமை நான் மட்டும் என்பதால் மூன்று கிலோ. போகிறவர்கள் காலையிலேயே, இருவருமாகப் போங்கள். ஒருவர் மட்டும் போனால் தாளை மடித்துக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.