மண் அணைக் கசிவுக்கு வி-நாட்ச் தகடு: தகடு நல்லது, அதிலுள்ள ஸ்கேல் வேண்டாம்

மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். கசிவு கூடுகிறதா, மண்ணையும் இழுத்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு 90 பாகை வி-நாட்ச் தகட்டைப் (கசிவு நீர் வழிந்தோட மேல்விளிம்பில் V வடிவ வெட்டு போட்ட தகடு) போலக் குறைந்த செலவில் வேலை செய்யும் கருவி வேறில்லை. வெட்டின் அடிமுனைக்கு மேலே தண்ணீர் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1,380-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 10 செ.மீ. என்றால் சுமார் 4.4 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.77 லிட்டர்தான்.

இந்த 2.5 அடுக்குதான் வில்லங்கம். 50 மி.மீ.யை 45 என்று படித்தால் கசிவு 23 சதவீதம் குறைந்து தெரியும். நாட்ச்சுக்குப் பக்கத்தில் நீர்மட்டம் சரிந்துதான் இறங்கும். அதனால் தகட்டிலேயே ஸ்கேல் பொறித்து வரும் மாடல் வேண்டாம். தண்ணீரின் அதிகபட்ச உயரத்தைப் போல நான்கு மடங்கு தள்ளி, நீர் வரும் பக்கத்தில் தனி ஸ்கேல் நடுங்கள். அதன் பூஜ்ஜியம் நாட்ச்சின் அடிமுனைக்கு நேராக இருக்க வேண்டும்.

நாட்ச்சில் ஓர் இலை சிக்கினாலும் மட்டம் ஏறி, கசிவு கூடியதாகக் காட்டும். துடைத்துவிட்டு, மட்டம் நின்றபின் படியுங்கள். 4 செ.மீ.க்குக் கீழே தண்ணீர் தகட்டோடு ஒட்டி வழியும். அப்போது 10 லிட்டர் வாளியும் ஸ்டாப்வாட்சும் போதும். வாளி நிறைய 25 விநாடி என்றால் 0.4 லிட்டர்.

தகட்டுக்குப் பின்னால், நீர் வரும் பக்கத்தில் உள்ள குட்டையைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே படியும் வண்டலை ஒவ்வொரு முறையும் வழித்தெடுத்து எடை போடுங்கள். மழை இல்லாமல், நீர்த்தேக்க மட்டமும் ஏறாமல் கசிவு கூடி, வண்டலும் சேர்ந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். கசிவு திடீரென்று குறைந்தாலும் நிம்மதி வேண்டாம். பீசோமீட்டரில் (அணை மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) அழுத்தம் ஏறியிருந்தால் வடிகால் அடைபட்டிருக்கலாம்.

ஒரு பெரிய குறை: வடிகால் வழியே வந்து சேரும் நீரை மட்டுமே இது அளக்கும். மதகுக் குழாயை ஒட்டியோ பக்கவாட்டுப் பாறை வழியாகவோ போவது இதில் சிக்காது. வேகமும் போதாது. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் இடாஹோவில் டீட்டன் அணையில் காலையில் கலங்கிய நீர் கசிவது தெரிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. முதல்முறை நீர் நிரப்பும் காலத்தில் வாரம் ஒரு முறை படிப்பது பயனற்றது. தினமும் படிப்பதோடு, கரையடி முழுக்க நடந்தும் பார்க்க வேண்டும்.