பார்படோஸ், செயின்ட் லூசியா, குவாதலூப்: ஒரு வாரத்துக்கு எந்தத் தீவு?

கரீபியன் என்றாலே எல்லாத் தீவும் ஒன்றுதான் என்று நினைத்து, டிக்கெட் எதற்கு மலிவோ அதற்குப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கடலும் மணலும் எங்கே போனாலும் நன்றாகத்தான் இருக்கும், அதில் சண்டையில்லை. ஆனால் ஒரு வாரம் முழுக்க யாரும் தண்ணீரிலேயே கிடக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் காலையில் "இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார் பாருங்கள், அப்போதுதான் தீவுக்குத் தீவு உள்ள வித்தியாசம் தெரியும்.

லண்டன், பாரிஸ் பக்கமிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். லண்டனிலிருந்து பார்படோஸுக்கும் செயின்ட் லூசியாவுக்கும், பாரிஸிலிருந்து குவாதலூப்புக்கும் நேரடி விமானம் இருக்கிறது, எல்லாமே எட்டு ஒன்பது மணி நேரம். சென்னையிலிருந்து என்றால் போகவர ஆகிற நேரத்துக்கும் செலவுக்கும் ஒரு வாரம் கட்டுப்படியாகாது, பத்துப் பன்னிரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

சுலபம் என்று பார்த்தால் பார்படோஸ்தான். மொத்தத் தீவே 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம். ஆங்கிலம் பேசுகிற ஊர், வண்டி இடதுபக்கம் ஓடும், 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர் என்று கணக்கும் எளிது. கார் எடுக்காமலே சமாளிக்கலாம் என்பதுதான் பெரிய வசதி. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் பேருந்தில் ஒரே கட்டணம், அது போக மெரூன் பட்டை போட்ட வெள்ளை வேன்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு, மூன்று பேர் சீட்டில் நான்கு பேரைத் திணித்துக்கொண்டு ஓடும். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் போனவர்களுக்கு அது பழகிய விஷயம்தான்.

தங்குவதற்கு மேற்குக் கரை அமைதியான கடல், ஆனால் பணக்காரர்கள் பேட்டை. தெற்குக் கரையில் அலை கொஞ்சம் இருக்கும், வாடகை குறையும், நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், நான் சொல்வது அந்தப் பக்கம்தான். கிழக்கே பாத்ஷீபா பார்க்க அழகு, ஆனால் அங்கே அலைச்சறுக்கு தெரிந்தவர்களைத் தவிர மற்றவர்கள் கரையிலேயே நிற்பது நல்லது. வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போய், கரியடுப்பில் சுட்ட மீனைப் பிளாஸ்டிக் மேசையில் வைத்துச் சாப்பிடுவதைத் தவறவிடாதீர்கள். கிரிக்கெட் பைத்தியம் வீட்டில் இருந்தால் கென்சிங்டன் ஓவலையும் சேர்த்துக்கொள்ளலாம், 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய மைதானம். சரி, குறை? தீவு பெரும்பாலும் தட்டை, நாலாவது நாளோடு பார்க்க வேண்டியது தீர்ந்துபோகும். கடைச் சாமான்களில் பாதிக்கு மேல் கப்பலில் வருவதுபோல விலை வேறு சுடும். சின்னக் குழந்தையோ வயதான அப்பா அம்மாவோ கூட வந்தால் மட்டும் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

செயின்ட் லூசியா நேர் எதிர். அழகில் மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. கடலிலிருந்து நேராக மேலே எழும்பி நிற்கிற இரட்டை மலைகள், பீட்டன்கள், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. பெரிய பீட்டனில் வழிகாட்டியோடு ஏறி இறங்கப் பாதி நாள் ஆகும், முட்டி வலி உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம். மலைகளுக்குப் பக்கத்து ஊரான சூஃப்ரியரில் கந்தக ஊற்றுக்குப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டு வெந்நீரில் குளிக்கலாம், வாசனைதான் அழுகிய முட்டை.

இங்கே சிக்கல் சாலைதான். பெரிய விமான நிலையம் தெற்கு முனையில், விடுதிகளில் பெரும்பகுதி வடக்கே ராட்னி பே பக்கம். எட்டு மணி நேரம் பறந்து வந்த களைப்போடு மலைப்பாதை வளைவுகளில் இன்னும் ஒன்றரை மணி நேரம், டாக்சிக்காரருக்குக் கொடுக்கிற தொகையும் சின்னதில்லை. இதனாலேயே பலர் அனைத்தும் அடக்கம் என்று விற்கிற விடுதிக்குள் போய் முடங்கி, ஏழு நாளும் ஒரே பஃபே, ஒரே நீச்சல்குளம் என்று கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. போவதென்றால் முதல் நான்கு இரவு சூஃப்ரியர், மிச்சம் வடக்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதுமணத் தம்பதிகளுக்கு இது பொருந்தும், பட்ஜெட் குடும்பத்துக்குப் பொருந்தாது.

என் ஓட்டு குவாதலூப்புக்கு. பிரான்சின் ஒரு பகுதி, யூரோ செல்லும், ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் தனிக் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இரண்டு தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்குச் சிறகு சுண்ணாம்புத் தரை, வெள்ளை மணல், செயின்ட் ஆன் மாதிரிக் குளம்போன்ற கடல். மேற்குச் சிறகு எரிமலை, காடு, அருவி. லா சூஃப்ரியர் எரிமலை 1,467 மீட்டர், உச்சி பாதி நாள் மேகத்துக்குள்தான் இருக்கும், ஆனாலும் இறங்கி வந்து அடிவாரத்து வெதுவெதுப்பான குளத்தில் காலை நனைக்கும்போது அலுப்பெல்லாம் போய்விடும். மலாந்தூர் கரையில் முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே ஆமை தெரிய வாய்ப்பு அதிகம். ஒரு நாளை லே செயின்ட் தீவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், துவா ரிவியேரிலிருந்து படகில் சுமார் இருபது நிமிடம், இறங்குதுறையிலேயே கூடையில் தேங்காய்ப் பூரணம் வைத்த சூடான குட்டிக் கேக் விற்பார்கள்.

தமிழர்களான நாம் நமக்கென்றே ஒதுக்க வேண்டிய ஒரு நாளும் இங்கே இருக்கிறது. 1854 டிசம்பர் 24 அன்று முதல் கப்பல் வந்ததில் தொடங்கி 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். காபெஸ்தேர் பெல் ஓ ஊர் அருகே ஷான்ஜி கோயில் வண்ணச் சிலைகளோடு சாலையோரத்திலேயே நிற்கிறது. மாரியம்மனும் மதுரைவீரனும் இன்றும் கும்பிடப்படுகிறார்கள், கிடா வெட்டும் உண்டு. இந்த மக்களின் குடியுரிமைக்காகப் பல ஆண்டுகள் வழக்காடி 1923இல் வென்ற ஆன்ரி சிதம்பரமும் இந்தக் காபெஸ்தேர்க்காரர்தான். கோயிலைப் பார்த்துவிட்டு அதே வழியில் மேலே ஏறினால் 110 மீட்டர் உயர கார்பே அருவி, மதியத்துக்குக் கொலம்போ என்கிற ஆட்டுக்கறிக் குழம்பு, மஞ்சளும் மல்லியும் போட்டது. மாலையில் சாலையோர வண்டிகளில் போக்கிட் கிடைக்கும், எண்ணெயில் பொரித்த ரொட்டியைக் கீறி உள்ளே உப்புக் கருவாடோ கோழியோ அடைத்துக் கையில் கொடுப்பார்கள், சில யூரோவில் வயிறு நிறைந்துவிடும். சைவக்காரர்கள் சமையலறையோடு வீடு எடுத்துவிடுங்கள், சூப்பர் மார்க்கெட்டுக்குப் பஞ்சமில்லை.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் பெரிதாகச் செல்லாது. கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது, சீசனில் வாடகைக் கார் தீர்ந்துவிடும், அதனால் விமானத்துக்கு முன்பே காரைப் பாருங்கள். பாயின்ட் ஆ பித்ர் பக்கம் காலை மாலை நெரிசல் நம் பெருநகரங்களுக்குக் குறைந்ததில்லை.

விசாவில்தான் கவனம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் குவாதலூப் உள்நாட்டுப் பயணம் மாதிரி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், ஷெங்கன் விசா கையில் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தத் தீவு ஷெங்கனுக்குள் வராது, தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்படோஸுக்கு இந்தியர்கள் சுற்றுலாவாகப் போக விசாவே வேண்டாம்.

காலம் எது? டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, விலை உச்சம். மே, ஜூனில் விலை இறங்கும், ஆனால் சர்காசம் என்கிற பழுப்புப் பாசி அட்லாண்டிக் பக்கக் கரைகளில் ஒதுங்கி நாறுகிற காலமும் அதுதான், அதனால் அந்த மாதங்களில் மட்டும் எந்தத் தீவானாலும் மேற்குக் கரையில் அறை எடுங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் உச்சம். பார்படோஸ் தீவு வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளி இருப்பதால் நேரடி அடி அபூர்வம், ஆனாலும் 2024 ஜூலையில் பெரில் புயல் தெற்கே கடந்துபோன வேகத்திலேயே அங்கே மீன்பிடிப் படகுகள் நொறுங்கின.

அப்புறம், பார்படோஸுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் பெட்டி கட்டும்போது ராணுவ உடை மாதிரிப் பச்சைத் திட்டுகள் போட்ட (கேமஃபிளாஜ்) சட்டை, தொப்பி எதையும் வைக்காதீர்கள், குழந்தைகளுடையது என்றாலும் கூடாது. இரண்டு நாட்டிலும் அது சட்டப்படி தடை.