ஈப்போ - செனாய்: பறப்பது ஒரு மணி, போய்ச் சேர்வது எப்போது?

தீபாவளி நெருங்கினால் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதி வீடுகளில் இதே பேச்சுதான். ஜொகூரில் வேலை பார்க்கும் பிள்ளை எதில் வருகிறான்?

பிளேன்தான் சீக்கிரம் என்பார்கள். ஈப்போ விமான நிலையத்திலிருந்து ஜொகூரின் விமான நிலையமான செனாய்க்கு நேர்க்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற விமானம் அரை மணியில் போய்விட வேண்டுமே என்று கணக்குப் போடத் தோன்றும். போகாது. பாதி வழி ஏறிக்கொண்டே இருக்கும். உயரத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். ஓடுபாதைக்கு உருண்டு போகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணிக்கு மேல் ஆகும்.

அதுகூடப் பெரிதில்லை. இங்கிருந்து ஈப்போ விமான நிலையத்துக்கு முக்கால் மணி, ஒன்றரை மணி முன்னால் போய் உட்கார வேண்டும், இறங்கிப் பெட்டி எடுத்து, செனாயிலிருந்து ஜொகூர் பாரு பட்டணத்துக்கு இன்னொரு முக்கால் மணி. வாசலுக்கு வாசல் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 7 கிலோ மட்டும். அம்மா கட்டித் தருகிற முறுக்கு டின்னும் ஊறுகாயும் மட்டுமே அவ்வளவு வரும்!

ரயிலுக்கு வருவோம். 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்சார ரயில் ஜொகூர் பாரு வரை போக ஆரம்பித்த பிறகு இதன் மதிப்பு கூடிவிட்டது. நம்ம ஊர் ஸ்டேஷனிலேயே ஏறலாம். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அங்கே மாறினால் ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரலுக்கு இன்னும் நாலரை மணி நேரத்துக்குள். மாறக் காத்திருப்பதையும் சேர்த்து எட்டு மணி. ஆனால் இறங்கும் இடமே சிங்கப்பூர் போகும் பாலத்துக்குப் பக்கம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அது செனாயைவிட எவ்வளவோ மேல். வயதான அம்மாவோடு போவதென்றால் நான் ரயில்தான் எடுப்பேன். எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு.

இரவு பஸ் மலிவு. ஈப்போவின் அமான்ஜெயா பஸ் நிலையத்தில் இரவு பத்து மணிக்கு ஏறினால் விடியலில் ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம். குளிரில் நடுங்காமல் போக ஒரு போர்வை வேண்டும், அவ்வளவுதான்.

கார் என்றால் நெடுஞ்சாலையில் சுமார் 560 கிலோமீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்காமல், ஓய்விடத்தில் ஒரு தே தாரிக் (ஆற்றிய டீ) குடித்துப் போனால் ஆறரை மணி. பண்டிகைக் கூட்டத்தில் பத்தும் ஆகும். தனி ஆளுக்கு டோலும் பெட்ரோலும் கட்டுபடியாகாது, நாலு பேர் சேர்ந்தால் சரி.

ஜொகூரில் ஒரு சாவு என்று நடு ராத்திரியில் போன் வந்தால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் ஓடாது. காலை விமானத்துக்கு யார் காத்திருப்பது? பக்கத்து வீட்டு வேனில் ஏழு பேர் ஏறி, பன்னிரண்டரைக்கெல்லாம் டோல் தாண்டியிருப்போம்.