கண்ணாடி பிஎச் எலக்ட்ரோடு: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

ஆறு வருடமாகக் கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்க ஒரே பிஎச் மீட்டர், ஆனால் கரைசலில் முக்கும் எலக்ட்ரோடு மட்டும் இது நான்காவது. மீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வாங்கும்போது திரையில் எத்தனை தசம இலக்கம் தெரிகிறது என்று பார்த்து, மூன்று இலக்கம் காட்டுவதாகத் தேடி வாங்கினேன். உண்மையில் அளப்பது முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழும், பக்கத்தில் இருக்கிற சின்ன ஜங்ஷனும்தான் (உள்ளே இருக்கும் திரவம் மெல்லக் கசிந்து கரைசலைத் தொடும் இடம்). இப்போது யாராவது கேட்டால் பணத்தை எலக்ட்ரோடில் போடுங்கள் என்று சொல்வேன்.

முதல் எலக்ட்ரோடு எட்டு மாதத்தில் போய்விட்டது. வேலை முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் முக்கி வைத்துவிடுவேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. அது தவறு. உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு ஜங்ஷன் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும், கண்ணாடியின் மேல் இருக்கும் நீரேறிய படலமும் பாழாகும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும்.

இரண்டாவது எலக்ட்ரோடிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், இதைத்தான் எல்லோருக்கும் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். காலிபரேஷன் செய்யும்போது, அதாவது பிஎச் தெரிந்த பஃபர் கரைசல்களில் முக்கி மீட்டரைச் சரிசெய்யும்போது, மீட்டர் 'சரி' என்று காட்டுவதோடு விடாமல், ஒவ்வொரு பஃபரிலும் எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும், அதுதான் நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிற ஸ்லோப். புதிதில் 7.00 பஃபரில் –3, 4.01 பஃபரில் 173 வந்தது, வித்தியாசம் 176, அதாவது வர வேண்டியதில் ஏறக்குறைய 99.5 சதவீதம். ஒரு வருடம் கழித்து அதே பஃபர்களில் 18, 183. வித்தியாசம் 165தான், ஸ்லோப் 93 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மீட்டர் அப்போதும் காலிபரேஷனை ஏற்றுக்கொண்டது! நோட்டு இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பொதுவாக 95க்குக் கீழே போனால் கழுவிப் பார்க்கிறேன், அதற்கும் ஏறவில்லை என்றால் மாற்றிவிடுகிறேன். ஸ்லோப் சரியாக இருந்தும் எண் நிலைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் அப்போதும் ஜங்ஷன் மேல்தான் என் முதல் சந்தேகம்.

எதில் கழுவுவது என்பது என்ன அழுக்கு படிந்தது என்பதைப் பொறுத்தது. புரதம் படிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின், சல்பைடு உள்ளிருக்கும் வெள்ளி அயனியோடு சேர்ந்து ஜங்ஷன் கறுத்தால் அமிலத்தில் கரைத்த தயோயூரியா. எனக்கு மூன்றாவது எலக்ட்ரோடு அப்படிக் கறுத்துத்தான் வீணானது, நான் கவனிப்பதற்குள் நேரமாகிவிட்டது. அதன் பிறகு வாங்கிய இரட்டை ஜங்ஷன் எலக்ட்ரோடில் வெள்ளி அயனி இருக்கும் கரைசல் மாதிரியை நேராகத் தொடுவதில்லை, அதனால் சல்பைடுக்கும், உயிர்வேதியியல் வேலைகளில் பயன்படும் டிரிஸ் பஃபருக்கும் இதையே பயன்படுத்துகிறேன். இரண்டு வருடம் தாண்டி இன்னும் 97இல் நிற்கிறது.

டிரிஸ் என்றதும் வெப்பநிலை ஞாபகம் வருகிறது. மீட்டரில் தானியங்கி வெப்பநிலை ஈடு இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன். அது எலக்ட்ரோடின் ஸ்லோப்பை மட்டும்தான் சரிசெய்கிறது, கரைசலின் பிஎச் வெப்பத்தால் உண்மையிலேயே மாறினால் அதை ஒன்றும் செய்யாது. அறை வெப்பநிலையில் 8.0 என்று சரிபார்த்து வைத்த டிரிஸ், குளிர் அறையில் 4 டிகிரிக்கு வந்ததும் 8.6 பக்கம் போய்விடும். இப்போதெல்லாம் எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறேனோ அந்த வெப்பநிலையிலேயே அளக்கிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. அளக்கும்போது நிரப்பும் துளையைத் திறந்து வைக்க வேண்டும், உள்ளே இருக்கும் திரவ மட்டம் பீக்கரில் இருப்பதை விட உயரமாக இருக்க வேண்டும். குமிழைத் துணியால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் நிலைமின்னேற்றத்தால் எண் அலையும். 10.01 பஃபர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் பிஎச் குறையும் என்பதால், ஊற்றியதை அன்றே கொட்டிவிடுகிறேன், பாட்டிலுக்குத் திரும்ப ஊற்றுவதே இல்லை.

இது ஒத்துவராத இடங்களும் இருக்கின்றன. பிஎச் 12க்கு மேல் சோடியம் அதிகமுள்ள கரைசலில் கண்ணாடி சோடியத்தையும் ஹைட்ரஜன் அயனி போலவே எடுத்துக்கொண்டு உண்மையை விடக் குறைவாகக் காட்டும். அப்புறம் மிகத் தூய நீர். அயனியே இல்லாததால் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், திறந்த பீக்கரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து 5.6 பக்கம் இறங்கிவிடும். அதற்கென்று வேகமாகக் கசியும் ஜங்ஷன் உள்ள எலக்ட்ரோடுகள் தனியாக வருகின்றன, அந்த வேலை அதிகம் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.